வெங்காய விலையும் ஐந்தரை மணித்தியாலமும்

உரும்பிராய்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அம்மம்மா சுகம். ரொறன்ரோக் குளிரில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னார்.

"இன்னும் அந்த மரக்கறி விலை இணையத்தளத்தோடுதான் மினக்கெடுகிறாயா?" என்று கேட்டிருந்தாய். ஆம், அதோடுதான். முதலாம் வருடத்தில் ரியூசன் நேர அட்டவணைக்கு ஒரு தளம் செய்தேனே, ஞாபகமா? அதைப் பார்த்தவர்கள் நானும் தங்கச்சியும் மட்டும். அதனால் அதில் ஒரு பிழையும் வரவில்லை, நானும் ஒன்றும் படிக்கவில்லை.

இது வேறு. மாமா வெங்காயம் கிண்டும் காலத்தில், எந்தச் சந்தைக்குக் கொண்டுபோவது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு இரவும் நாலு பேருக்குப் போன் எடுப்பார். திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம், கொடிகாமம் என்று யாழ்ப்பாணத்துச் சந்தைகள் நான்கின் விலையையும் ஒரே பக்கத்தில் காட்டினால் போதுமே என்று இரண்டு வார இறுதிகளில் எழுதி முடித்தேன். மாமாவின் தோட்டக்காரர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடியப் போன் அடித்தது. "தம்பி, இன்றைய விலை எங்கே? நேற்றையதென்று கிடக்கிறது."

சந்தையில் நிற்கும் மாமாவின் கூட்டாளி அதிகாலை 4.30க்கே விலையைப் பதிந்திருந்தார். ஆனால் தளம் ஓடும் சேர்வரின் மணிக்கூடு கிறீன்விச் நேரத்தில் ஓடுகிறது. நாங்கள் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தி. விடிய 5.30க்கு முன் இங்கே எதைப் பதிந்தாலும் அங்கே முதல்நாள் இரவுதான். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு; எனக்கு எப்படி அகப்படும்? சந்தையோ நான் எழும்பும்போது பாதி முடிந்துவிடும். இந்த நேர விவகாரத்தை விரிவுரையில் சொல்லித்தான் தந்தார்கள். தூங்கியது நான்தான்.

அடுத்தது கொடிகாமம். பட்டியலில் அது இரண்டு தரம் வந்தது. எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகுதான் பிடிபட்டது. கணினியில் எழுத்துகளுக்கு இலக்கமிடும் முறையான யூனிகோடில், 'கொ' என்பதில் ககரத்தோடு சேரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் அரவும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு ஊர். இரண்டையும் ஒரே வடிவமாக்கும் நெறி யூனிகோடிலேயே உண்டு. ஒரு வரியில் தீர்ந்தது. அந்த வரியைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு போனது.

ஆனால் என்னை உண்மையில் வெட்கப்பட வைத்தது கழிவு. 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குக் காசு கொடுக்கும் வழக்கம் உனக்குத் தெரியும்தானே, உன் அப்பா எத்தனை நாள் ஏசியிருப்பார்! என் தளம் அதிக விலை கொடுக்கும் இடத்தை மேலே காட்டியது. கிலோ 300 ரூபாய் முதலாவது, 280 ரூபாய் இரண்டாவது. மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "300 சொல்கிறவன் பத்து வீதம் கழிப்பான். கையில் 270தான். மற்றவன் கழிப்பதில்லை. உன் கணக்கைப் பார்த்துப் போனால் கிலோவுக்குப் பத்து ரூபாய் நட்டம்."

தரவுத்தளப் பாடத்தில் எனக்கு நல்ல புள்ளி, மச்சான். அட்டவணைகளை எப்படிப் பிரிப்பது, எதைத் திறவுகோலாக்குவது எல்லாம் பாடம். அட்டவணையில் கழிவுக்கு ஒரு நிரல் வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. மாமாவின் தோட்டத்தில்தானே வளர்ந்தேன், எப்படி மறந்தேன் என்று இன்னும் யோசிக்கிறேன். இப்போது தளம் கையில் வரும் காசைத்தான் வரிசைப்படுத்துகிறது. வெறும் 'வெங்காயம்' என்று போட்ட இடத்தில் யாரோ பம்பாய் வெங்காய, அதாவது பெரிய வெங்காய, விலையைப் பதிந்த கதையும் உண்டு, அதை நேரில் சொல்கிறேன்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று பார்க்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறி. அதிலும் 'வெங்காயம்' நமக்கு ஐந்து எழுத்து, செய்திக் கணக்கில் ஒன்பது குறி. நாலு சந்தை விலையையும் எழுதினால் இரண்டு செய்திக் காசு போகும். மாமா யோசனை சொன்னார்: "பெயர் எதற்கு? எப்போதும் ஒரே ஒழுங்கில் நாலு இலக்கம் அனுப்பு, நாங்கள் பாடமாக்கிக்கொள்வோம்." கம்பஸில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

உன்னால் ஒரு சோலி ஆகவேண்டும். உன் அப்பா அங்கிருந்தும் தளத்தைத் தினமும் பார்க்கிறாராம், மாமா சொன்னார். சேர்வரைத் திருத்திய நான், திகதியைக் காட்டுவதைப் பார்ப்பவரின் போன் நேரத்திடம் விட்டுவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. இங்கே திங்கள் விடியும்போது உங்களுக்கு ஞாயிறு இரவு. அந்த நேரம் அவருடைய போனை வாங்கிப் பார்த்து, மேலே என்ன திகதி நிற்கிறது என்று உடனே எழுது. ஞாயிறு என்று நின்றால் அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி