பாத அறுவை பயிலும் மருத்துவருக்கான நிதி மலையேறி வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ மேற்படிப்பு இடங்கள், கலந்தாய்வு, கட்டணம் ஆகியவை பற்றித் தங்கள் நாளிதழில் ஆண்டுதோறும் விரிவான செய்திகள் வருகின்றன. அந்த இடங்களில் சேர்ந்த பிறகு ஓர் இளம் மருத்துவர் எதை ஆராய்கிறார், அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பது அபூர்வமாகவே பேசப்படுகிறது. பாதம், கணுக்கால் அறுவை சிகிச்சையில் தனித் தேர்ச்சி பெற முன்வரும் எலும்பியல் மருத்துவர்களுக்கு அரசு உதவித்தொகையும் ஆராய்ச்சி நிதியும் வழங்க வேண்டும்; அந்த நிதியின் பெரும்பகுதி, சிகிச்சை பெற்றவரை ஓராண்டு, ஈராண்டு கழித்து மறுபடியும் பார்ப்பதற்கே செலவாக வேண்டும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நீலகிரியில் உழைப்பவரின் பாதம் நாளெல்லாம் சரிவில் நிற்பது. கொழுந்து பறிப்பவர் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக, ஈரமண்ணில் கணுக்காலை வளைத்து ஊன்றியபடியே கூடையின் பாரத்தைத் தாங்குகிறார். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகுவதும் முறிவதும் தோட்டங்களில் சாதாரணம். இதோடு இப்போது சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஒரு காலத்தில் நகரத்து வியாதி என்று சொல்லப்பட்டது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குள் வந்து வெகுநாளாகிறது.

சர்க்கரையால் கால் மரத்துப் போனவருக்கு, தேயிலைச் செடிகளை வெட்டிவிட்ட கவாத்துக் காடு எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சமவெளியில் இருப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். கவாத்து வெட்டிய செடியின் குச்சி கத்திபோலக் கூர்மையாக இருக்கும். அப்படி ஒரு குச்சி ரப்பர் பூட்ஸின் அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே முறிந்து நிற்க, அதன் மேலேயே மூன்று நாள் வேலை செய்த ஓர் அம்மாள், நாற்றம் வந்த பிறகுதான் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். புண்ணைச் சுத்தம் செய்யும்போது அவர் முகம் சுளிக்கவில்லை; வலி தெரியாததுதான் வியாதியே. ஒரு விரலை மட்டும் இழந்து அவர் தப்பினார். கட்டுப் போடுவதற்காக என் முன் நீட்டப்பட்ட கால்களில் சில, பின்னர் மேட்டுப்பாளையம் தாண்டிப் போய், முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுத் திரும்பின.

சார்கோ பாதம் என்ற நிலை இன்னும் ஏமாற்றுவது. நரம்புணர்வு குன்றிய பாதம் திடீரெனச் சிவந்து வீங்கிச் சூடாகும். வலி இருக்காது, அல்லது வீக்கத்துக்குத் தகுந்த அளவில் இருக்காது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். வீட்டார் சுளுக்கு என்று நீவிவிடுவார்கள். மருத்துவரே கிருமித் தொற்று என்று மாத்திரை எழுதிவிடுவதும் உண்டு. அந்தக் காலோடு தொடர்ந்து நடந்தால் நடுப்பாதத்து எலும்புகள் நொறுங்கி, உள்ளங்காலின் வளைவு சரிந்து கீழ்நோக்கிப் புடைத்துவிடும். உரிய நேரத்தில் முழுப் பாதத்தையும் அணைத்துப் போடும் மாவுக்கட்டும், மாதக்கணக்கில் கால் ஊன்றாத ஓய்வும் தந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் 'கால் ஊன்றக் கூடாது' என்ற அறிவுரை சமதரையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. வீட்டிலிருந்து கழிப்பறைக்கே படியிறங்கிப் போக வேண்டிய லைனில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது, கடைப்பிடிக்காதவர்களின் கால் என்னவாகிறது, அவர்களுக்கு வேறு என்ன வழி என்று யாராவது உட்கார்ந்து ஆராய்ந்தால்தானே தெரியும்?

அந்த ஆராய்ச்சியை எலும்பியல் மேற்படிப்பு மாணவர்தான் செய்ய வேண்டும். ஆனால் அவருடைய நிலைமையைப் பாருங்கள். எம்.எஸ். படிப்பு மூன்றாண்டு. சேர்ந்த சில மாதங்களிலேயே ஆய்வேட்டுத் தலைப்பைக் கொடுத்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பாகவே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். நோயாளிகளைச் சேர்த்து அவர்களைத் தொடர்ந்து கவனிக்க, நடுவில் கிடைப்பது ஒன்றரை ஆண்டுதான். அதற்குள் முடிவு தெரியும் தலைப்பாக, தொடை எலும்பு முறிவையோ முழங்கால் எலும்பு முறிவையோ அவர் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. பாதம் அப்படிச் சீக்கிரம் விடை சொல்லாது. பாதம் உள்வளைந்து பிறக்கும் குழந்தைக்குப் பொன்செட்டி முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றி, தேவைப்பட்டால் குதிகால் தசைநாணைச் சிறு கீறலில் அறுத்துவிட்டுப் பாதத்தை நேராக்கிவிடலாம். அதற்குச் சில வாரங்கள் போதும். அதன்பின் இரு காலணிகளைக் கம்பியால் இணைத்த சாதனத்தை மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போதும் அணிவிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பாதம் மீண்டும் வளையும். பந்தலூர்ப் பக்கத்துக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு மீண்டும் வளைந்தது, ஏன் வளைந்தது என்பதை ஒன்றரை ஆண்டு ஆய்வேடு சொல்லிவிட முடியாது.

இந்தத் தொடர் கவனிப்புக்கு மனமும் வேண்டும், பணமும் வேண்டும். மலைப்பகுதிக்கும் மகளிருக்கான விடியல் பயணம் வந்துவிட்டதால் பேருந்துக் கட்டணச் சுமை பெண்களுக்கு ஓரளவு குறைந்திருக்கிறது. அது நல்ல காரியம். ஆனால் கூடலூரிலிருந்து உதகைக்கு ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் வந்து, வரிசையில் நின்று, எக்ஸ்ரே எடுத்துத் திரும்பினால் அன்று தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழாது. புண் ஆறிவிட்ட காலை டாக்டருக்குக் காட்டுவதற்காக ஒருநாள் கூலியை யார் இழப்பார்கள்? அறுவை சிகிச்சைக்கான செலவை அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. நன்றாக இருப்பவர் ஆய்வுக்காக மறுபடி வருவதற்கான செலவை ஏற்க ஒருவரும் இல்லை. ஆகவே மலைக்காரர்கள் 'தொடர்பில் இல்லாதவர்கள்' என்று எழுதப்பட்டுக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறார்கள். கணக்கில் மிஞ்சுவது மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் கால்கள் மட்டுமே.

மேற்படிப்பு ஆய்வேடுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிதியுதவி வழங்குகிறது. நாடு முழுவதற்குமான போட்டியில் அதைப் பெறுவது சிலரே. அமெரிக்காவில் பாதம், கணுக்கால் அறுவை மருத்துவர்களின் சங்கம், பயிற்சியில் இருக்கும் இளையவர்களைத் தன் ஆண்டு மாநாட்டுக்கு உதவித்தொகையில் வரவழைக்கிறது. ஆராய்ச்சிக்கும் தனியாக நிதி தருகிறது. சிறப்புப் பயிற்சிக்கு வருவதற்கு முன்பே ஒருவருக்கு அந்தத் துறையில் ஆர்வம் பிறக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நம்மிடம் கை அறுவைக்கென்று எம்.சி.ஹெச். என்ற உயர்சிறப்புப் படிப்பே உண்டு, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அதற்கெனத் தனித் துறை வளர்ந்து பெயர் பெற்றிருக்கிறது. பாதத்தைப் பயில விரும்புபவர் பெரும்பாலும் எம்.எஸ். முடித்த பிறகு, வீட்டில் சம்பாத்தியத்தை எதிர்பார்க்கும் வயதில், சில மாதமோ ஓராண்டோ ஃபெல்லோஷிப் என்னும் சிறப்புப் பயிற்சிக்குப் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் உணர்விழந்த பாதத்தைப் பற்றிய அறிவியலுக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று வேலூரில் கண்டு சொன்ன டாக்டர் பால் பிராண்டுதான் அவர். இன்று சர்க்கரைப் புண்ணுக்குச் செய்யும் வைத்தியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மருந்து, உபகரண நிறுவனங்கள் மருத்துவர்களின் பயணத்துக்கும் தங்கும் விடுதிக்கும் பணம் கட்டுவதை 2024-இல் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் கட்டுப்படுத்திவிட்டன. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த இடத்தைப் பொதுப்பணம் நிரப்பாவிட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே மாநாடுகளுக்கும் பயிற்சிக்கும் போய்வருவார்கள். தவிரவும், எலும்பில் பொருத்தும் பிளேட்டும் திருகாணியும் விற்பவர்கள் அவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் பணம் தருவார்கள். ஒரு செருப்பைப் பற்றி ஆராய எந்த நிறுவனம் முன்வரும்? கால் மரத்துப் போனவர்களுக்கு நாம் கொடுக்கும் எம்.சி.ஆர். என்ற மென்ரப்பர்ச் செருப்பு, வீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் உகந்தது. அதைப் போட்டுக்கொண்டு மழையில் அட்டைப்பூச்சி ஏறும் தேயிலைக் காட்டில் ஒரு மணி நேரம்கூட நிற்க முடியாது. அதனால் தோட்டத்துக்குப் போகும்போது பழைய ரப்பர் பூட்ஸையே மாட்டிக்கொள்கிறார்கள். செருப்பு மருத்துவமனைக்கு வரும் நாளுக்கு என்று ஆகிவிட்டது. உள்ளே மென்மையாகவும் அடியில் குச்சி துளைக்காததாகவும், ஈரம் தங்காததாகவும் ஒரு பூட்ஸைச் செய்து, அதை இரண்டு மழைக்காலம் போட்டுப் பார்த்துப் புண் குறைந்ததா என்று எண்ணிச் சொல்லும் ஓர் ஆய்வேடு, எந்த இறக்குமதிக் கருவியைப் பற்றிய கட்டுரையைவிடவும் எங்களுக்குப் பயன்படும்.

இதற்கான அமைப்பு பெரும்பாலும் தயாராக இருக்கிறது. உதகை அரசு மருத்துவக் கல்லூரிக்கு 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதித்துக் கால் இழப்பைத் தடுக்கும் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தைத் தமிழக அரசே தொடங்கியிருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மாத்திரை கொடுக்கிறார்கள். எந்த வீட்டில் எந்தக் கால் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இவற்றோடு பயிற்சி மருத்துவரையும் கொஞ்சம் பணத்தையும் சேர்ப்பதுதான் பாக்கி.

பாதம், கணுக்கால் தொடர்பான ஆய்வேடுகளுக்கு ஆண்டுக்குப் பத்து என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம் ரூபாய் தந்தாலும் மொத்தச் செலவு 20 லட்சம்தான். அதில் பாதியாவது நோயாளியின் பயணத்துக்கும் இழந்த கூலிக்கும் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் போட்டால் அது தணிக்கைக்குப் பயந்து செலவாகாமலே திரும்பிவிடும் என்பதை அரசு அலுவலகம் அறிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். எம்.எஸ். முடித்தவர்களில் இருவருக்கு அல்லது மூவருக்கு, உயிர்வாழப் போதுமான மாதத் தொகையுடன் ஓராண்டு ஃபெல்லோஷிப் தரலாம். அதில் மூன்று மாதமாவது உதகையிலோ, குன்னூர் லாலி மருத்துவமனையிலோ, கூடலூரிலோ கழிய வேண்டும். முந்தைய மாணவர் ஆய்வேட்டில் சேர்த்த நோயாளிகளை அவர் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒன்றரை ஆண்டில் அறுந்துபோகும் கணக்கு ஐந்தாண்டுக்கு நீளும். மாநாட்டுக்குச் சென்றுவரும் உதவித்தொகையையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே பார்த்ததை அங்கே போய்ச் சொல்பவருக்கு அதைத் தரலாம்.

புற்றுநோயும் இதய நோயும் இருக்கையில் பாதத்துக்குத் தனி நிதியா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கால் எடுக்கப்பட்ட தொழிலாளி ஒருவர் இந்த மலைச்சரிவில் மறுபடி வேலைக்குப் போவது அரிது என்பதையும், தோட்ட வேலை போனால் லைன் வீடும் போய்விடக்கூடும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் இதைப் பரிசீலிக்க வேண்டும். புதிதாகச் சேரும் எலும்பியல் மாணவர்கள் ஆய்வேட்டுத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பாகவே அறிவிப்பு வந்தால்தான் இவ்வாண்டு மாணவர்களுக்குப் பயன்படும். தலைப்புக் கொடுத்த பிறகு வந்தால் இன்னும் ஓராண்டு காத்திருக்க நேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருந்தாளுநர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.