மருந்துச் சீட்டில் இல்லாத கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு பைபாஸ் செய்தோம். உப்பு, எண்ணெய், நடைப்பயிற்சி என்று எல்லாம் சொல்லி அனுப்பினார்கள். 'பேச ஆள் இருக்கிறதா?' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரொசெட்டோ என்று ஒரு சிற்றூர், இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். பன்றிக்கொழுப்பில் சமையல், ஆண்கள் பலருக்குப் புகைப்பழக்கம், குவாரியில் கடும் உழைப்பு. ஆனாலும் பக்கத்து ஊரான பாங்கரைவிட அங்கே மாரடைப்புச் சாவு வெகு குறைவு என்று 1960-களில் மருத்துவர் ஸ்டூவர்ட் வுல்ஃப் குழு கண்டது. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ். ஒரு வீட்டுத் துக்கம் ஊருக்கே துக்கம். பிறகு பிள்ளைகள் தனி வீடு, தனி வாழ்க்கை என்று பிரிந்தார்கள். 1970-களில் அந்த வித்தியாசமும் மறைந்துபோனது. அதே வம்சம்தான்!

அப்பா இப்போது தினமும் மாலையில் பழைய அலுவலக நண்பர்களோடு கோயில் மண்டபத்தில் உட்காருகிறார். மாத்திரை போட்டாயா என்று அவர்களே விசாரித்துவிடுகிறார்கள். முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. இதய நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது அவர் தனியாக இருப்பவரா என்று கேட்டு எழுதிக்கொள்ளும்படி எல்லா மருத்துவமனைகளுக்கும் அரசு உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகி,
மன்னார்குடி