நீ வாசிக்காத மேடைக்கு நான் வரவில்லை

அன்பு மச்சி,

ஜனவரியில் நீ நடத்தப்போகும் இசை விழாவில் நம் பழைய ராக் இசைக்குழு மீண்டும் மேடையேற வேண்டும் என்ற உன் அழைப்புக்கு, வரவில்லை என்பதே என் பதில். இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைக் கேட்பதற்கு முன்பே போஸ்டரில் குழுவின் பெயரைப் போட்டு வெளியிட்டுவிட்டாய். வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் தனித்தனியாக மறுப்புச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நம்மிருவரையும் அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன்: நமக்குள் பணத் தகராறு எதுவும் இல்லை.

2009இல் ஐஐடி திறந்தவெளி அரங்கில் ஸ்வீடனின் மெட்டல் இசைக்குழுவான ஓப்பெத் வாசித்த இரவிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாங்கள் கிட்டார்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீ முதல் இரண்டு பாடல்கள்வரை அவர்களின் டிரம்மர் மார்ட்டின் ஆக்சென்ராட்டின் கைகளைக் கவனித்தாய். அதன் பிறகு மேடையோரத்தில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தவர்களிடம் உன் பார்வை போய்விட்டது. டிரம்ஸ் மேடையை யார் போட்டார்கள், வாசிப்பவர்களுக்கான மானிட்டர் ஒலிபெருக்கிகள் யாருடையவை, வாடகை எவ்வளவு என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாய்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் புல்வெளியில் நடந்ததற்கு வருகிறேன். அன்று விழாவை நடத்தியவனும் நீ, கடைசியாக வாசிக்க வேண்டிய குழுவின் டிரம்மரும் நீ. கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்திருந்த கல்லூரிப் பையன்கள் இன்னும் ஒரு பாடல் என்று கேட்டபோது, நம் நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாய். நாம் ஏறியபோது பத்து மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன. மாதக்கணக்கில் கட்டிய அந்த நீண்ட சொந்தப் பாடலை முதன்முதலாக ஊரறிய வாசிக்கிறோம்; நடுப்பகுதியில் நான் பேஸ் கிட்டாரில் தனியாக நான்கு சுற்று வாசித்து முடிக்க, நீ ஸ்னேர் டிரம்மில் இறங்க வேண்டிய இடம். நீ இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குச்சிகளைத் தொடைமேல் வைத்திருந்தாய். காவலர் எவரும் வந்து நிற்கவில்லை, எவரும் புகார் செய்யவுமில்லை. எழுந்து வந்து பாடகரின் மைக்கை வாங்கி, பார்வையாளர்களுக்கு நன்றி சொல்லி, ஒலியைக் குறைக்கச் சொன்னாய். என் கடைசிச் சுரம் ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டியில் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார்கள்.

சட்டம் உன் பக்கம்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அனுமதிக் கடிதத்தில் இருந்தது உன் கையெழுத்து. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்த அதே விதிகள் மாநில அரசுக்கு இடம் தருகின்றன. அந்தச் சலுகை ராக் இசைக்குக் கிடைக்கும் என்று நம்பும் அளவுக்கு நாம் அப்பாவிகள் அல்லர். அன்று நீ நிறுத்தியதால்தான் அடுத்த ஆண்டும் உனக்கு இடம் கொடுத்தார்கள், எத்தனையோ குழுக்கள் அங்கே முதல் மேடை கண்டன என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் மகள் கல்யாணத்தில் பந்தி கவனிக்கப் போய்த் தாலி கட்டுவதைப் பார்க்காமல் விட்ட தகப்பனைப் போல நீ ஆகிவிட்டாய் என்று அன்றே தோன்றியது. அந்தப் பாடலை அதற்குப் பிறகு நாம் வாசிக்கவே இல்லை.

'தி பேண்ட்' என்ற ராக் குழுவின் டிரம்மர் லெவான் ஹெல்மைப் பற்றி எனக்குச் சொன்னவனே நீதான். 1998இல் தொண்டைப் புற்றுநோய் கண்டு குரலை இழந்து, மருத்துவச் செலவில் கடனாளியாகி, 2004 முதல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக்கில் தன் வீட்டுக் களஞ்சியத்துக்குள்ளேயே 'மிட்நைட் ராம்பிள்' என்று இசை இரவுகளை நடத்திக் கடனை அடைத்தார். தான் நடத்திய நிகழ்ச்சியில் அவர் டிரம்ஸில்தான் உட்கார்ந்திருந்தார், மச்சி. டிக்கெட் கிழிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

நீ ஏன் வாசிப்பதைக் குறைத்தாய் என்பது எனக்குத் தெரியும். பொதுவில் அதை விரிவாக எழுத மாட்டேன். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம்வரை கேட்கலாம், 3 டெசிபல் கூடும்தோறும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலை எட்டினால் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. கதவடைத்த அறையில் நாம் கழித்த மாலைகளை அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நீ ஓங்கி அடித்ததால் நான் ஆம்பைக் கூட்டினேன். நான் கூட்டியதால் நீ இன்னும் ஓங்கி அடித்தாய். அதற்காக வருந்துகிறேன், மன்னித்துவிடு என்றும் கேட்கிறேன். ஆனால் காதில் வைக்கப் பஞ்சை எடுத்து நான் நீட்டியபோதெல்லாம் தாளம் மங்கிவிடும் என்று தட்டிவிட்டது நீ.

500 ரூபாய்வரையிலான டிக்கெட்டுக்குச் சரக்கு சேவை வரி இல்லை என்று 2018இல் ஆனதிலிருந்து உன் டிக்கெட் விலை 499ஐத் தாண்டியதே இல்லை. மாணவர்கள் வர வேண்டும் என்பாய். அந்த நல்ல மனதின் செலவைப் பாதி நீயும் மீதியைப் பெட்ரோல் காசோடு வீடு திரும்பிய குழுக்களும் ஏற்றோம் என்பதையும் எவராவது சொல்ல வேண்டும்.

இப்போது நம் குழுவில் உன் இடத்தில் இளைஞர் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, நீ வாக்கி-டாக்கியோடு நுழைவாயிலில் நிற்பதாகச் சொல்கிறாய். அவர் நன்றாக வாசிக்கிறார். காணொளிகளைப் பார்த்தேன், உன்னைவிடச் சீராகவே வாசிக்கிறார். நீயோ கோரஸ் வரும்போதெல்லாம் கொஞ்சம் முந்துவாய். அந்த முந்தலுக்கு ஈடுகொடுத்தே என் கை பழகிவிட்டது.

ஒரே ஒரு பாடலுக்கு, மெல்லிய பிரஷ் குச்சிகளோடு, காதடைப்பான் போட்டுக்கொண்டு நீ உட்காருவாய் என்றால் அன்று மாலைகூடத் தகவல் சொல், பேஸைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். இல்லையென்றால் போஸ்டரிலிருந்து பெயரை எடுத்துவிடு. எப்படியானாலும் அன்று அங்கே இருப்பேன். டிக்கெட் வாங்கிவிட்டேன், விருந்தினர் பட்டியலில் என்னைச் சேர்க்காதே.