மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடையில் உதவிய ஐயாவுக்கு நன்றி

வெல்டிங் வேலைக்காக வளைகுடா செல்லவிருந்த என் தம்பியின் விசாவை நகலெடுக்கக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் நின்றிருந்தோம். அருகிலிருந்த நீங்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது சுற்றுலா விசா, தம்பி, இதில் போய் வேலை செய்வது சட்டப்படி குற்றம்" என்றீர்கள். ஏஜென்ட் கேட்ட ஒன்றரை லட்சத்துக்காக அம்மா நகையை அடகு வைக்கவிருந்த நேரம் அது.

நாங்கள் கேட்காமலேயே உங்கள் கைபேசியில், வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தைத் திறந்து, உரிமம் பெற்ற முகவர்களில் அந்த ஏஜென்டின் பெயர் இல்லை என்று காட்டினீர்கள். பத்தாம் வகுப்பு தேறாத தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்பதையும், பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையும் பொறுமையாக விளக்கினீர்கள். பிறகு அந்த நகலின் பின்புறத்திலேயே, சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், ஒப்பந்தம் எனக் கேட்டறிய வேண்டியவற்றை நீல மையில் எழுதி, வெளிநாடு செல்லும் தொழிலாளர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு என்பதன் கீழ் இரண்டு கோடுகள் இட்டீர்கள். புறப்படுமுன் தரப்படும் ஒரு நாள் பயிற்சியைத் தவறவிடக் கூடாது என்று தம்பியிடம் வற்புறுத்தினீர்கள். தேநீருக்குக்கூட இசையாமல் பேருந்தைப் பிடிக்க விரைந்தீர்கள்.

ஊர்தோறும் கிடைக்க வேண்டிய இந்த விவரங்கள் எங்களுக்கு உங்கள் வழியாகவே கிடைத்தன. ஐயா, தம்பி அந்தப் பயிற்சியை முடித்து, முறையான வேலை விசாவில் சென்ற மாதம் புறப்பட்டான். அம்மா உங்களை நேரில் கண்டு நன்றி சொல்ல விரும்புகிறார். இப்பதிவு உங்கள் கண்ணில் பட்டால் அவசியம் தெரிவியுங்கள்.