கன அடி சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே எங்கள் பக்கம் தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணைப் பேச்சு தொடங்கிவிடும். ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டது சரியா தவறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். தென்பெண்ணைக் கரையில் நிலம் வைத்திருக்கும் எனக்கு இரண்டுமே பாதிப் பேச்சாகத்தான் படுகிறது.

கணக்கு போட்டுப் பார்த்தால் தெரியும். 119 அடி உயர அணையின் முழுக் கொள்ளளவு 7.3 டி.எம்.சி., அதாவது 730 கோடி கன அடி. 1,68,000 கன அடி வீதம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்த வேகத்தில் வந்தால் காலி அணையே அரை நாளில் நிரம்பிவிடும். ஃபெஞ்சல் புயலின்போது அணையோ ஏற்கெனவே நிறையும் தறுவாயில் இருந்தது. அந்த நேரத்தில் மதகைத் திறக்காமல் இருந்தால் அணைக்கே ஆபத்து. அன்றிரவு ஷட்டரைத் தூக்கியவர்களைத் திட்டிப் பயனில்லை.

முன்கூட்டியே இரண்டு டி.எம்.சி. அளவுக்கு இடம் விட்டிருந்தால்? வெள்ளம் நின்றிருக்காது. ஆனால் அதே வேகத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கும். நள்ளிரவில் மூன்று மணி நேரம் கிடைத்தால் மாட்டை அவிழ்த்து ஓட்டலாம், வயதானவர்களை மேட்டுக்கு ஏற்றலாம், மோட்டாரைக் கழற்றலாம். அணைத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் இதற்கு எளிதில் ஒப்ப மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அணை கட்டியது பாசனத்துக்கு. நவம்பரில் இறக்கிவிட்டு டிசம்பரில் மழை பொய்த்தால் நஷ்டம் அவர்களுக்குத்தானே? எங்கள் ஆற்றின் சங்கடமே இதுதான்: அணை நிரம்ப வேண்டிய மாதமும் வெள்ளம் வரும் மாதமும் ஒன்று. அதனால்தான் எந்தத் தேதியில் எத்தனை அடி வைத்திருப்பது என்பதை மழைக்கு முன்பே இரு தரப்பு விவசாயிகளையும் உட்காரவைத்து முடிவு செய்து, ஊரறிய அறிவிக்க வேண்டும் என்கிறேன். இழப்பு வந்தால் யாருக்கு எவ்வளவு ஈடு என்பதையும் சேர்த்தே பேசிவிடலாம்.

இன்னொன்று. அன்றைய பெருமழையின் ஒரு பங்கு, சாத்தனூருக்கு மேலே இதே ஆற்றில் இருக்கும் கிருஷ்ணகிரி அணைக்கும் கீழே பெய்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாக நேரே சாத்தனூருக்கு வருகிறது. கிருஷ்ணகிரியில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. பாம்பாற்றுப் பக்கத்து மழையளவு மணிக்கு மணி சாத்தனூருக்கு வந்துசேர வேண்டும். நாங்களும் அதை செல்போனில் பார்க்க முடிய வேண்டும்.

எச்சரிக்கைக்கு வருகிறேன். '1,68,000 கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ போகிறது என்றே வைத்துக்கொள்வோம். கேட்பவருக்கு என்ன புரியும்? தண்ணீர் மாரியம்மன் கோயில் வரைக்கும் வருமா, பள்ளிக்கூடம் வரைக்கும் வருமா, எத்தனை மணிக்கு வரும்? கன அடி பொறியாளருக்கு உதவும். வீட்டில் இருப்பவருக்கு வேண்டியது இடமும் நேரமும். பெரியவர்கள் 1972 வெள்ளத்தை இன்றும் தெருவை வைத்துத்தான் சொல்வார்கள், இன்னார் வீட்டுத் திண்ணை முழுகியது என்று. 2021 நவம்பரில் எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டு உடைந்தது. 2024-இல் அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றது. தொண்டமானூர்–அகரம்பள்ளிப்பட்டு பாலம் திறந்து மூன்று மாதத்தில் ஆற்றோடு போயிற்று. ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஆண்டு தண்ணீர் எதுவரை ஏறியது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் தொடங்கிக் கடலூர் வரைக்கும் பாலத் தூண்களிலும் பள்ளிச் சுவர்களிலும் அந்த மட்டங்களைப் பெயின்ட்டில் ஆண்டு போட்டுக் குறித்து வைத்தால், '2021 கோட்டைத் தாண்டும், விடியற்காலை ஐந்து மணிக்குள்' என்று சொன்னாலே போதும், ஊர் எழுந்துவிடும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. தலையாரிகளையும் ஊராட்சி ஊழியர்களையும் வைத்து ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், எதிர்பார்க்கும் நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் தேவைப்படும்போது பொதுவெளியில் தெரிவிக்கும் பொறுப்பை அணையின் உரிமையாளர் மீது வைக்கிறது. அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க ஐந்தாண்டு அவகாசமும் கொடுத்தது. சாத்தனூருக்கான திட்டம் எந்த நிலையில் இருக்கிறது, அதில் எங்கள் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றனவா, அதைத் தமிழில் எங்கே படிக்கலாம் என்று நீர்வளத் துறை உங்கள் பத்திரிகை வழியாகவே பதில் சொன்னால் நன்றாக இருக்கும். தீபாவளிக்கு முன்பே சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரை விவசாயி ஒருவர்,
திருவெண்ணெய்நல்லூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.