பொன் மண்டபத்தில் கேமரா எதைப் பார்க்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

படமாக்கப்பட்ட ஓபராக்களையும் (முழுக்கப் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகங்கள்), வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா ஆண்டுதோறும் நடத்தும் புத்தாண்டுக் கச்சேரியையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொருளுக்குப் பக்கம் ஒதுக்கியதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் கட்டுரையாளரின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. கதை நடக்கும் நிஜ இடத்துக்கே ஓபராவைக் கொண்டுபோய்ப் படமாக்குவதுதான் உச்சம், அரங்கத்துக்குள் எடுத்தவையெல்லாம் பழங்கதை என்கிறார் அவர். அவர் தூக்கிவைத்துக் கொண்டாடும் 1992-ஆம் ஆண்டு 'டோஸ்கா'வையே எடுத்துக்கொள்வோம்.

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் அந்த ஓபரா ரோம் நகரின் மூன்று குறிப்பிட்ட இடங்களில் நடக்கிறது: ஒரு தேவாலயம், ஃபர்னேசே மாளிகை, சாந்த் ஆஞ்செலோ கோட்டை. அந்த மூன்று இடங்களிலேயே, கதை சொல்லும் பொழுதுகளிலேயே பாடவைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நேரலையாகக் காட்டினார்கள். கடைசி அங்கத்துக்காகப் பாடகர் பிளாசிடோ டொமிங்கோ விடியற்காலையில் கோட்டை மேல் நின்று பாடினார். துணிச்சலான வேலை, மறுக்கவில்லை. ஆனால் இசையை நடத்திய சுபின் மேத்தாவும் அவருடைய ஆர்க்கெஸ்ட்ராவும் அப்போது எங்கே இருந்தார்கள்? அதே நகரில் வேறோர் இடத்தில், ஒரு ஸ்டுடியோவுக்குள். அவருடைய கையசைவைத் திரையில் பார்த்துத்தான் பாடகர்கள் பாடினார்கள். மைக் இல்லாத ஒரு குரல் அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசையில் இருப்பவரின் காதுக்குப் போய்ச் சேருவதுதான் ஓபராவின் வித்தை. அதை விற்றுக் கோட்டைச் சுவரை வாங்கினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஸ்வீடன் திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மன் செய்ததைப் பாருங்கள். மோட்சார்ட்டின் ஓபராவான 'மாயப் புல்லாங்குழ'லை ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக எடுத்தார். 1975 புத்தாண்டு தினத்தில் அது ஒளிபரப்பானது. ஸ்டாக்ஹோம் அருகே ட்ராட்னிங்ஹோமில் 18-ஆம் நூற்றாண்டு அரங்கம் ஒன்று இன்றும் இருக்கிறது. படப்பிடிப்புச் சாதனங்களை அந்த முதிய கட்டடம் தாங்காது என்பதால் அதன் மேடையை ஸ்டுடியோவில் அப்படியே நகலெடுத்துக் கட்டினார். தொடக்க இசை ஒலிக்கும்போது மேடையைக் காட்டுவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களைக் காட்டுகிறார். இடைவேளையில் திரைக்குப் பின்னால் போகிறார். சரஸ்த்ரோ என்ற பாத்திரமாகப் பாடுகிறவர் அங்கே உட்கார்ந்து 'பார்சிஃபால்' என்ற வாக்னரின் வேறோர் ஓபராவின் இசைப்பிரதியைப் புரட்டுகிறார். ஒரு பையன் காமிக்ஸ் படிக்கிறான். படத்தில் ஒலிக்கும் பாட்டு முன்பே பதிவு செய்யப்பட்டதுதான். அந்த வகையில் ரோம் நேரலை இதைவிட நேர்மையானது என்று ஒருவர் வாதிடலாம். ஆனாலும் இது மேடை, இவர்கள் கூலிக்குப் பாடும் கலைஞர்கள், இது வண்ணம் தீட்டிய பலகை என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டு, அதன் பிறகும் நம்மை அழவைக்கிறார் பெர்க்மன். நிஜக் கோட்டை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இனி வியன்னா. புத்தாண்டுக் கச்சேரி நடக்கும் பொன் மண்டபத்தைத் 'தங்கத்தால் இழைத்த கனவு மண்டபம்' என்று உங்கள் கட்டுரை உருகுகிறது. தியோஃபில் ஹான்சன் வடிவமைத்து 1870-இல் திறக்கப்பட்ட அந்த மண்டபம் ஏறக்குறைய 49 மீட்டர் நீளமும் 19 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு நீள்சதுரப் பெட்டி. அகலம் குறைவு என்பதால் பக்கச் சுவர்களில் பட்ட ஒலி சட்டென்று கேட்பவரிடம் திரும்பி வருகிறது. மரத்தரைக்கு அடியில் வெற்றிடம். உட்கூரை மேலிருந்து தொங்கவிடப்பட்டது. சுவரோரம் நிற்கும் பொற்பாவைகளும் சும்மா நிற்கவில்லை, ஒலியைப் பல திசைகளில் சிதறச் செய்கின்றன. அந்த மண்டபமே ஒரு வாத்தியம். கட்டுரையில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை, சரவிளக்குகளைப் பற்றி இரண்டு பத்தி!

தொலைக்காட்சியும் இதையேதான் செய்கிறது. நம் நேரப்படி ஜனவரி முதல் நாள் பிற்பகல் 3.45-க்குத் தொடங்கும் அந்தக் கச்சேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வால்ட்ஸ் என்ற நடன இசை ஒன்று சூடுபிடிக்கும் நேரத்தில் ஆர்க்கெஸ்ட்ரா மறைந்துவிடும். ஏதோ ஓர் அரண்மனையில் பாலே ஆடுவார்கள். அந்த நடனமும் பெரும்பாலும் முந்தைய கோடையிலேயே எடுத்து வைத்தது. தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும்போது மிருதங்கக்காரரின் விரல்களை விட்டுவிட்டு சபா வாசல் தோரணத்தைக் காட்டினால் நம் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? மண்டபத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர் வாசிப்பவர்களைப் பார்க்கிறார். நமக்குக் கிடைப்பது சுற்றுலாப் படம்.

போகிற போக்கில் ஒரு திருத்தம். உங்கள் கட்டுரை சொல்வதுபோல் இந்தக் கச்சேரி, 19-ஆம் நூற்றாண்டு வியன்னா வால்ட்ஸ் இசையமைப்பாளரான ஸ்ட்ராவுஸின் 'காலத்திலிருந்து தொடரும் மரபு' அல்ல. முதல் கச்சேரி 1939 டிசம்பர் 31 அன்று, போர் தொடங்கிய சில மாதங்களில், கிளெமென்ஸ் கிராவுஸ் நடத்த நடந்தது; வசூல் நாஜி அரசின் குளிர்கால நிவாரண நிதிக்குப் போனது. இதை அந்த ஆர்க்கெஸ்ட்ராவே மறைப்பதில்லை. நாம் ஏன் மெழுகிப் பூச வேண்டும்?

இன்னொரு விடுபடல் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 2005 புத்தாண்டுக் கச்சேரி, நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் கடல் ஊருக்குள் புகுந்து ஆறே நாளில் நடந்தது. கூட்டம் தாளத்தோடு கைதட்ட, எப்போதும் கடைசியாக வாசிக்கும் ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசையை அந்த ஆண்டு லோரின் மாசெல் நடத்தவில்லை. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதை விட்டுவிட்டார்கள். சரியாக அந்த ஆண்டின் டிசம்பர் 26 அன்று சுபின் மேத்தா பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ராவோடு சென்னை மியூசிக் அகாடமியில் நினைவுக் கச்சேரி நடத்தினார். மேத்தாவைப் பற்றி இவ்வளவு எழுதிய தமிழ்க் கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போனது எப்படி?

கடைசியாக ஒரு வேண்டுகோள். திரைப்பட விமர்சனத்தில் இயக்குநர், ஒளிப்பதிவாளர் பெயர்களை நீங்கள் ஒருபோதும் விடுவதில்லை. ஓபரா ஒளிபரப்பைப் பற்றி எழுதும்போது மட்டும் பாடகர் பெயரோடு நிறுத்திவிடுகிறீர்கள். எந்த நொடியில் யாரை நாம் பார்க்கிறோம் என்பதை முடிவுசெய்பவர் தொலைக்காட்சி இயக்குநர். வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரிகள் பலவற்றையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா ஒளிபரப்புகள் பலவற்றையும் இயக்கியவர் பிரையன் லார்ஜ் என்ற ஒரே மனிதர். அவர் பெயர் உங்கள் கட்டுரையில் இல்லை. அடுத்த முறையாவது அந்தப் பெயர்களைச் சேர்த்து, அவர்கள் செய்ததை நல்லதோ கெட்டதோ விமர்சித்தும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.