உயரத்தில் குறைவது ஆக்சிஜனின் அழுத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றம் பற்றிய கட்டுரைகளில், "உயரே செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிஜன் அளவு குறைகிறது" என்ற வாக்கியத்தை அடிக்கடி காண்கிறேன். இதைப் படிப்பவர், கடல்மட்டத்தில் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் மலையுச்சியில் 10 சதவீதமாகவோ 7 சதவீதமாகவோ சுருங்கிவிடுகிறது என்றே எண்ணிக்கொள்வார். மலையேறுவோருக்கான சில அட்டவணைகள், அழுத்தக் குறைவைக் கடல்மட்டக் காற்றின் ஆக்சிஜன் சதவீதமாக மாற்றி, 'ஈடான சதவீதம்' என்று தரும் எண்களும் இந்தக் குழப்பத்தை வளர்க்கின்றன என நினைக்கிறேன். உண்மையில், எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம்.

வாயுக் கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்கேற்ற அழுத்தத்தைத் தருகிறது என்பது ஜான் டால்டனின் விதி. கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக உள்ள காற்றழுத்தம், ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் பாதியாகிறது. அப்படியானால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் சரிபாதியாகும் என்று கணக்கிட்டால், அதுவும் பிழை. உள்ளிழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகிறது. அந்த நீராவியின் அழுத்தம் உடல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது என்பதால், எந்த உயரத்திலும் 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. அதைக் கழித்துப் பார்த்தால், கடல்மட்டத்தில் சுமார் 149 மில்லிமீட்டராக இருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 5,500 மீட்டரில் 70 ஆகவும், எவரெஸ்ட் உச்சியில் வெறும் 43 ஆகவும் இறங்கிவிடுகிறது. 1978-இல் மலையேற்ற வீரர்கள் மெஸ்னரும் ஹேபலரும் ஆக்சிஜன் உருளையின்றி அவ்வுச்சியை அடையும்வரை, அது மனித உடலால் இயலாது என்று பலர் கருதியதில் வியப்பில்லை.

இந்தப் பற்றாக்குறையை உடல் வேகமான மூச்சினால் ஈடுகட்டுகிறது. அதனால் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வெளியேறி, நுரையீரலின் நுண்ணறைகளில் ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் அமிலத்தன்மை தரும் அவ்வாயு குறைந்து இரத்தம் காரத்தன்மை பெறுவதால் மூச்சின் வேகத்துக்கே ஒரு தடை விழுகிறது. சிறுநீரகங்கள் காரப்பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றி அத்தடையைத் தளர்த்தச் சில நாட்கள் ஆகும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். உடல் வலிமை மிக்கவருக்கும் இதில் விலக்கில்லை.

உயரத்தின் ஆக்சிஜன் பற்றாக்குறையால் வரும் உயர்மலை நோய் முற்றியவரை உடனே கீழே இறக்க முடியாதபோது, காற்றுப் புகாத பெரிய பையினுள் படுக்கவைத்து, மிதிபம்பினால் காற்றடைக்கிறார்கள். அடைக்கப்படுவது அதே மலைக்காற்றுதான். ஆக்சிஜனின் விகிதம் சிறிதும் கூடுவதில்லை. அழுத்தம் கூடுவதாலேயே, 1,500 மீட்டருக்கும் மேலாகக் கீழிறங்கியதற்கு ஒப்பான நிவாரணம் நோயாளிக்குத் தற்காலிகமாகக் கிடைக்கிறது.

விமானத்திலும் பேச்சு ஆக்சிஜனோடு நின்றுவிடுகிறது, அழுத்தம் மறக்கப்படுகிறது. பயணியர் அறையின் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு நிகராகக் குறையக்கூடும் என்பதால், அழுத்தம் குறைந்தால் வாயு விரியும் என்ற பாயில் விதிப்படி உடலுக்குள் அடைபட்ட வாயு மூன்றில் ஒரு பங்கு விரிய இடமுண்டு. காதடைப்பு சிறு தொல்லை. கண் அறுவையின்போது வாயுக்குமிழி வைக்கப்பட்டவருக்கோ அந்த விரிவு பார்வையையே பறிக்கக்கூடும்.

எனவே, இத்தகைய கட்டுரைகளில் ஊர்களின் உயரத்தோடு அங்குள்ள காற்றழுத்தத்தையும் குறிப்பிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்